ஆஸ்பத்திரிக் காகிதத்தின் பின்பக்கம்

மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் காகிதம் வந்துவிடும். டவுனில் இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டாகக் கட்டி, உத்திரமேரூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள். நான் ரோட்டில் நின்று வாங்கிக்கொள்வேன். சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றைத் தாள். முன்பக்கம் அறிவுரை, பின்பக்கம் செய்தி. சொறி சிரங்குக்கு என்ன செய்வது, பிள்ளைக்குக் கஞ்சி எப்போது ஆரம்பிப்பது என்றெல்லாம் முன்பக்கத்தில் இருக்கும். எந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட்டாயிற்று, எந்தப் பிள்ளை நல்ல எடை, எந்தத் தாய் சொன்ன பேச்சைக் கேட்டாள் என்பது பின்பக்கம். ஜனங்களுக்கு முன்பக்கம் பிடிக்காது. "பின்னாடி இன்னா போட்டுக்கீது, அத்த மொதல்ல படி" என்பார்கள். பக்கத்து ஊரைப் பற்றி மட்டமாக ஒரு வரி இருந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு.

எழுபதுகளின் கடைசி அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராம ஊழியை என்று வைத்துக்கொண்டார்கள். காகிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும், பிள்ளைகளை எடை போட வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். காகிதத்தை ஊரில் ஒரு தடவை, காலனியில் ஒரு தடவை படிக்கச் சொல்லியிருந்தார்கள். ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ரூம் வாசலில் எனக்கு நாற்காலி போடுவார்கள். காலனியில் ஜனங்கள் ஜெபக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்துவேன். உள்ளே வா என்று அவர்கள் கூப்பிட்டதில்லை, நானும் போனதில்லை. ஏன் வெளியே நிற்கிறாய் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருதரம் கேட்டதற்கு, மரத்தடியில் காற்று நன்றாக வருகிறது என்றேன்.

காலனிக்குப் போய் வந்தால் தோட்டத்து வழியாக நுழைந்து, கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைக்க வேண்டும். அம்மாவின் சட்டம் அது. ஒரு மாதம் காகிதத்தில் சுத்தத்தைப் பற்றி வந்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று காலனி ஜனங்களுக்குப் படித்துவிட்டு வந்து, அந்த ஜனங்களின் காற்று பட்டதற்காக நான் தலை முழுகினேன். அப்போது இது எனக்கு விசித்திரமாகவே தோன்றவில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்பதுதான் என் கவலை.

நான் சொல்ல வந்த மாதத்துக் காகிதம் வயிற்றுப்போக்கைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பேதி கண்டால் முதல் காரியமாகத் தண்ணீரை நிறுத்துவார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று எண்ணம். ஊரிலும் அப்படித்தான், காலனியிலும் அப்படித்தான். எங்களையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பிழைத்தவர்கள் பிழைத்தோம். காகிதம் இதைத் தலைகீழாகச் சொன்னது. தண்ணீரை நிறுத்தினால் பிள்ளை காய்ந்து செத்துப்போகும். ஒரு சொம்பு காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு பிடி சர்க்கரையும் மூன்று விரலால் எடுத்த உப்பும் கலந்து, பிள்ளை குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இரு. அவ்வளவுதான் வைத்தியம். சர்க்கரை இல்லாவிட்டால் வெல்லம்.

வியாழக்கிழமை ஊரில் படித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் காலனியில் படிக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, சாம்பிராணிப் புகை காட்டி முடியைக் காயவைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, காய்வதற்கு அரை நாள் ஆகும். காலனிக்குப் போய்விட்டு வந்தால் மறுபடியும் நனைக்க வேண்டும். ஈரத் தலையோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போய் நிற்பதா?

"ஒரு நாளு போவலன்னா இன்னாடி ஆயிடும்? அதுங்க எங்க ஓடிடப் போவுது?" என்றாள் அம்மா.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, "காலனியில் படிக்கப்பட்டது. தாய்மார்கள் வருகை நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'நன்று' என்ற வார்த்தையை யோசித்து எழுதினேன். முழுப் பொய் சொல்லும்போது கொஞ்சம் அலங்காரமும் சேர்த்தால் நம்புவார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

வந்தவர்கள் வயிறு முட்டத் தின்றார்கள். வேலையைப் பற்றி ஏதோ கேட்டார்கள், நான் நிமிர்ந்து பதில் சொன்னேன். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அவமானத்தில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தேன். காலனிக்கு மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருந்தது அப்படியே போயிற்று. காகிதக் கட்டு அலமாரியில் இருந்தது. அம்மா அதில் நாலு தாளை எடுத்து ஊறுகாய் ஜாடிக்கு மூடி கட்டினாள்.

அந்த வாரத்தில்தான் காலனியில் ஒரு பெண் குழந்தைக்குப் பேதி கண்டது. ஒன்றரை வயது. தாய்க்காரி எங்கள் நிலத்தில் நாற்று நட வருகிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், ஆனாலும் அவள் என்னை "நீங்க" என்பாள், நான் அவளை "நீ" என்பேன். ஒவ்வொரு மாதமும் நான் படிக்கும்போது கொட்டகையின் முன் வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புரியாததைக் கேட்பாள். கேட்டதைச் செய்வாள். தாளில் போட்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு மை இடுவதை நிறுத்தியவள், காலனியில் அவள் ஒருத்திதான். அதற்காக மாமியாரிடம் திட்டும் வாங்கினாள்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பஸ் பிடித்து, டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குழந்தை போய்விட்டது.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்தக் காகிதத்தை எழுதுகிற டாக்டரே வந்திருந்தார். மெட்ராஸ்காரர், கண்ணாடி போட்டவர், பிள்ளைகள் சாவதைத் தாங்க முடியாதவர். அவர் முகம் சரியாகவே இல்லை.

"காலனியில படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார். நோட்டுல கையெழுத்து கீது பாருங்க."

அவர் நோட்டைப் பார்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "அந்தப் பொண்ணு முன்னாடிதான் சார் ஒக்காந்துக்கினு இருந்திச்சி. நல்லா கேட்டுக்கினுதான் இருந்திச்சி."

டாக்டர் நோட்டை மூடினார். அவருக்குத் துக்கம் போய்க் கோபம் வந்தது. துக்கத்தைவிடக் கோபம் அவருக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த மாதக் காகிதத்தின் பின்பக்கம் முழுக்க ஒரே செய்தி. தலைப்பு 'கேட்டும் கேளாத தாய்'. உத்திரமேரூர் பக்கத்து கிராமம் ஒன்றில் எங்கள் ஊழியை தெளிவாகப் படித்துச் சொன்னார், முன் வரிசையில் உட்கார்ந்து கேட்ட தாய் ஒருத்தி அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள், சில நாளிலேயே தன் குழந்தைக்குத் தண்ணீர் மறுத்து அதைப் பறிகொடுத்தாள். இப்படிப் போயிற்று. கடைசியில் கொட்டை எழுத்தில், "இந்தக் குழந்தையை நோய் கொல்லவில்லை" என்று முடித்திருந்தார். டாக்டர் நன்றாக எழுதுவார். பெயர் போட வேண்டாம், அது நாகரிகம் இல்லை என்றாராம். போட்டிருந்தாலாவது படிக்கத் தெரிந்த நாலு பேருக்குத்தான் தெரிந்திருக்கும். போடாததால் யார் யார் என்று கேட்டுக் கேட்டு ஏழு ஊருக்குத் தெரிந்தது.

அதைக் காலனியில் படிக்கும்போது தானும் வருவதாக டாக்டர் சொல்லிவிட்டார். இதைவிட நல்ல பாடம் கிடைக்காதாம். போன மாதம் நான் வரவில்லை என்று அங்கே ஒருத்தர் சொன்னால் போதும்.

சொன்னார்கள். கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உள்ளேயே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போல் மரத்தடியில். அவள் முன் வரிசையில் வெறும் மடியோடு இருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன். முன்பக்கத்தைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். குரல் கம்மாமல் முழுக்கப் படித்தேன். படித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்தார்.

"போன மாசம் இந்தம்மா வர்லியே சார். இந்த மரத்தாண்ட யாரும் வந்து நிக்கலியே."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். எனக்கு வாய் ஜாஸ்தி என்று சும்மாவா சொன்னார்கள்?

"நீ ஊத்திக்கினு எந்த வாய்க்கால்ல கெடந்தியோ! நான் வந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கொட்டகை சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். கிழவர் எப்போதாவது குடிப்பவர்தான். அது போதுமாக இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. காகிதத்தில் வந்துவிட்டது, டாக்டர் எதிரே இருக்கிறார், ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் சொல்கிறாள். தங்கள் ஞாபகம்தான் தப்பு என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

நான் மிகவும் பயந்தது அவளுக்குத்தான். அவளுக்குத் தெரியாதா? ஒரு மாதம்கூடத் தவறவிடாதவள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடுகிறவளைப் போல. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கி நாத்து நட்டுட்டு நேரா வந்து ஒக்காந்தேன் போலக்கீது. கண்ணு சொக்கிடிச்சி. நீங்க படிச்சது காதுல ஏறலம்மா. நான்தான் பாவி, தூங்கிட்டேன்."

நான் செய்த பொய்யில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அவளே அடைத்துக் கொடுத்தாள். இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து தலை முழுகி, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

புருஷன் அவளை அடித்தான் என்று கேள்விப்பட்டேன். "காயிதத்துலயே போட்டுட்டான், புள்ளயக் கொன்னவளுன்னு" என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். அறுப்பு முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்கென்று போனவன் அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். அவள் தனியாக நின்றாள்.

கொஞ்ச நாளில் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. அவளையே ஊர் ஊராக அழைத்துப் போய்ச் சொல்ல வைத்தால் என்ன? படித்துக் காட்டுவதைவிடப் பெற்றவள் சொன்னால் மனசில் தைக்கும். அவளைக் கேட்டார்கள். உடனே சரி என்றாள். அவளை அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு வருஷம் போனோம். மாகறல், ராஜகுளம், இன்னும் சுற்றுப்பட்டு ஊர்கள். நான் காகிதத்தைப் படிப்பேன். அவள் எழுந்து நிற்பாள். "இந்தம்மா எனக்குப் படிச்சி சொன்னாங்க. நான் கேக்கல. நீங்களாவது கேளுங்க" என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு ஊரிலும் என்னைக் கையால் காட்டுவாள். பிறகு சொம்பில் தண்ணீர் ஊற்றி, பிடி சர்க்கரையும் மூன்று விரல் உப்பும் போட்டுக் கலக்கிக் காட்டுவாள். பெண்கள் அழுவார்கள். சில ஊரில் காறித் துப்பியிருக்கிறார்கள். இவளெல்லாம் ஒரு தாயா என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்து, "ஆமா" என்பாள். டாக்டருக்கு ஏகத் திருப்தி. அவள் சொன்னதைக் கேட்டு நிஜமாகவே பிள்ளைகள் பிழைத்தன, தாய்மார்கள் வந்து சொன்னார்கள். அது எனக்கு நல்ல சாக்காக இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த நல்ல காரியம் கெட்டுவிடும் அல்லவா? இப்படி நினைத்துக்கொண்டு பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து போவேன்.

ஐயங்கார்குளத்தில் ஒரு நாள் அவள் வழக்கமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். இரண்டாம் நாள் குழந்தை தவழ்ந்து போய்ப் பானையைத் தொட்டதாம். தண்ணி, தண்ணி என்றதாம். இவள் அதன் கையில் ஓர் அடி வைத்தாளாம். "அடிச்ச கையிதான் இது" என்று கையை நீட்டிக் காட்டினாள். அன்றைக்கு யாரும் அழவில்லை. எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

திரும்பும்போது குளக்கரையில் பஸ்ஸுக்கு நின்றோம். பட்டப்பகல், ரோட்டில் ஆள் இல்லை. அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. நல்ல மனசு வந்து சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கையை இன்னும் எத்தனை ஊரில் நான் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில்தான் சொன்னேன்.

"அந்த மாசம் நான் காலனிக்கு வரவே இல்ல. படிக்கவே இல்ல. நீ தூங்கல. உனக்கு யாரும் சொல்லல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். பெண் பார்க்க வந்ததைச் சொன்னேன், முடியைச் சொன்னேன், நோட்டைச் சொன்னேன். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அந்தக் கெயவன் சொன்னாரே" என்றாள்.

"ஆமா."

"அவரு சாவுற வரிக்கும் அவர நான் குடிகாரன்னு திட்டிக்கினு இருந்தேன்."

பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்த காயிதத்துல போட்டு, எல்லாரையும் ஒக்கார வெச்சி படிச்ச இல்ல? இத்தயும் அதே மாரி ஒக்கார வெச்சி படி. எங்க காலனியில. வேற எங்கயும் வேணாம்."

முதல் தடவையாக என்னிடம் 'நீ' போட்டுப் பேசினாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது.

"காயிதத்துல போட டாக்டரு ஒத்துக்க மாட்டாரு."

"காயிதம் வேணாம். வாயால சொல்லு. எம் புருசனோட ஆத்தா அங்கதான் கீது. அதும் காதுல வியணும். அது போதும்."

அடுத்த மாதம் படிக்க வரும்போது சொல்கிறேன் என்றேன். சத்தியமா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு நல்ல சேதி சொன்னார். என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கே சூப்பர்வைசராக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். தங்குவதற்கு ரூம். அம்மாவின் கிணற்றடி இல்லை, பெண் பார்க்க வருகிறவர்கள் இல்லை. அதைவிட வேறெதுவும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காகிதம் வந்தது. பால் பற்களைப் பற்றி. காலனிக்குப் போனால் கொட்டகை நிறைந்து வழிந்தது. இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. அவள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். மாமியார்க்காரியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முன் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். தலை வாரி, வெளுத்த புடவை கட்டியிருந்தாள்.

முன்பக்கத்தைப் படித்தேன். பின்பக்கத்தைப் படித்தேன். எந்த ஊரிலோ ஒரு குழந்தை நல்ல எடை. படித்து முடித்துத் தாளை மடித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"அவ்ளோதானாம்மா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

நான் குடையை விரித்தேன்.

"அவ்ளோதான்" என்றாள் அவள். "எய்ந்துபோங்க. போயி அடுப்பப் பாருங்க." மாமியாரை முதலில் தூக்கி நிறுத்தினாள். பிறகு தானும் எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த ஊருக்கும் வர மறுத்துவிட்டாள். டாக்டருக்கு வருத்தம். அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள், ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் கேட்டார்.

"பெத்த புள்ள போனதே மறந்துபோச்சி போல சார் அதுக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே, அடுத்த மாதப் பின்பக்கத்துக்கு எழுதப் பேனாவைத் திறந்தார்.